மோட்டார்ஹோம் ரேடியோ மக்கர் செய்கிறதா? புதுசு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காரில் ரேடியோ நின்றுபோனால் ஃப்யூஸ், வயர், செட் என்று மூன்று இடத்தைப் பார்த்தால் போதும். உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியான மோட்டார்ஹோமில் அப்படி முடிவதில்லை. அங்கே இரண்டு பேட்டரி: இன்ஜினைக் கிளப்ப ஒன்று, உள்ளே விளக்குக்கும் பம்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் இன்னொன்று (இதை வீட்டு பேட்டரி என்போம்). பல வண்டிகளில் பாடி ஃபைபர்கிளாஸ், அதனால் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, கண்ட இடத்தில் கிடைக்காது. பின்கேபினுக்குப் போகும் ஸ்பீக்கர் வயர் சுவருக்குள்ளே பல மீட்டர் ஓடுகிறது. கூரையில் சோலார், பெஞ்சுக்குக் கீழே சார்ஜரும் இன்வெர்ட்டரும். இவற்றில் எது கெட்டாலும் பழி ரேடியோ மேல்தான் விழும். நல்ல செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிய பிறகும் அதே தொல்லை தொடர்வதற்குக் காரணம் இதுதான். மல்டிமீட்டரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்தச் செலவு மிச்சம்.

கழற்றாமலே பார்க்கக்கூடியவை

சில மோட்டார்ஹோம்களில் டாஷ்போர்டிலேயே ரேடியோவுக்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் இன்ஜின் பேட்டரி, மறு பக்கம் வீட்டு பேட்டரி. துடைக்கும்போது கைபட்டு நடுவில் நின்றிருந்தாலே ரேடியோ செத்தது போலக் கிடக்கும். அதை இரு பக்கமும் பத்து முறை தள்ளிப் பாருங்கள். தள்ளும்போது ரேடியோ மினுக்கினால் சுவிட்சின் உள் காண்டாக்ட் கரிந்திருக்கிறது, அதை மாற்றினால் வேலை முடிந்தது.

அடுத்து முன்முகப்பு. கழற்றி மாட்டும் வகையென்றால் அதன் பின்னால் வரிசையாகப் பித்தளை நிறத்தில் பொட்டுப் பொட்டாகக் காண்டாக்ட் இருக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் ஈரம் தங்கி அவை மங்கிவிடும். பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, குச்சியில் கறுப்பு ஏறுவது நிற்கும் வரை துடையுங்கள். டிஸ்ப்ளே பாதி தெரிவது, பட்டன் சில மட்டும் வேலை செய்யாதது போன்ற குறைகள் பலமுறை இதிலேயே சரியாகிவிடும். முகப்பில் ஊசி நுழையும் அளவு ஓட்டை இருந்தால் அது ரீசெட். அழுத்தலாம், ஆனால் பழைய செட்டுகள் சில மின்சாரம் போய் வந்தால் திருட்டுத் தடுப்புக் குறியீட்டைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

ஃப்யூஸ் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு: வண்டியின் ஃப்யூஸ் பெட்டியில் ஒன்று, செட்டின் முதுகில் ஒன்று. பிளேடு வகையில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 ஆம்பியர் நீலம். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்பி முழுசாகத் தெரிந்தும் உள்ளே முடியளவு விரிசல் இருக்கலாம், மீட்டரில் வைத்துப் பாருங்கள். மாற்றிய ஃப்யூஸ் உடனே போனால் பெரிய ஆம்பியர் போடக் கூடாது. ஃப்யூஸ் காப்பாற்றுவது ரேடியோவை அல்ல, வயரை. பெரிதாகப் போட்டால் எரிவது வயராக இருக்கும்.

செட்டை வெளியே எடுக்கும் முன்

வெளி மின்சாரத்தில் செருகி பேட்டரியை ஏற்றும் சார்ஜரை நிறுத்துங்கள். சோலார் இருந்தால் முதலில் பேனலைக் கன்ட்ரோலரிலிருந்து பிரித்து, அதன் பிறகே பேட்டரியைக் கழற்றுங்கள். வரிசை மாறினால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும். பிறகு இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் எடுங்கள். இன்ஜின் பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டு டாஷ்போர்டுக்குள் கைவிட்டால், வீட்டு பேட்டரியிலிருந்து வரும் வயர் இன்னும் உயிரோடு இருக்கும். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் கப்ளரோ மஞ்சள் உறையோ கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக், தொட வேண்டாம்.

மஞ்சள், சிவப்பு, கறுப்பு

தனியாக விற்கும் செட்டுகளில் வயர் நிறம் பெரும்பாலும் ஒரே மாதிரி. மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், நினைவுக்கும் முக்கிய மின்சாரத்துக்கும். சிவப்பு சாவி போட்டால் 12 வோல்ட். கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு. வண்டியோடு வரும் கப்ளரில் நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். ஐரோப்பிய ஐஎஸ்ஓ கப்ளரென்றால் 4ஆம் பின் நிரந்தர மின்சாரம், 7 சாவி மின்சாரம், 8 எர்த். சில வண்டிகளில் 4உம் 7உம் இடம் மாறியிருக்கும். சாவியை எடுத்ததும் நேரமும் ஸ்டேஷனும் ஒவ்வொரு முறையும் அழிந்துபோனால் பெரும்பாலும் இந்த இடமாற்றமே காரணம், இரண்டு வயரை மாற்றிச் செருகினால் போதும். புதிய வண்டிகளில் 7ஆம் பின்னில் எதுவுமே வராமல் இருக்கலாம். அங்கே சாவி போட்ட செய்தி, வண்டியின் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற வயர் வழியாகப் போகிறது. அதற்கேற்ற அடாப்டர்தான் வழி, கிடைத்த வயரிலிருந்து மின்சாரம் இழுப்பது வழியல்ல.

பேட்டரிகளைத் திரும்ப மாட்டி, செட்டை வெளியே இழுத்த நிலையிலேயே ஓடவிட்டு அளவெடுங்கள். முழு சார்ஜில் சும்மா இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. வால்யூமை நன்றாக ஏற்றிவிட்டு மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 காட்டியது சத்தம் ஏறியதும் 11க்கு இறங்கினால் செட் அணைந்து அணைந்து எரிவதில் வியப்பில்லை. எந்தப் பக்கம் கசிகிறது என்று பிரிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைச் செட்டின் கறுப்பு வயரிலும் வையுங்கள். சத்தமாகப் பாடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது.

எர்த்துக்குப் போகும் வயரை விரலால் தடவிக்கொண்டே கடைசி வரை போங்கள். முடிவில் ஒரு வளைய டெர்மினல், ஒரு திருகு. பாடி ஃபைபர்கிளாஸ் என்றால் அந்தத் திருகு டாஷ்போர்டின் இரும்புச் சட்டத்தில் இருக்கும், அந்தச் சட்டத்துக்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள். திருகைச் சுழற்றி எடுத்தால் வளையத்தின் அடியில் வெளிறிய பச்சையாகக் களிம்பு தெரியும். வயரின் கழுத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள். உறைக்குள்ளே செம்பு கறுத்து, இழைகள் ஒவ்வொன்றாக உதிரும். கறுத்த பகுதியை வெட்டி எறிந்து புது டெர்மினல் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது குறடால் நசுக்கிப் பொருத்துங்கள். சட்டத்தில் ஒரு காசு அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்ததும் பல்வாஷரோடு முறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினால் துருப் பிடிக்காது. பழைய இடம் தேறாது என்று தோன்றினால் சேஸிஸ் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது ரேடியோ ஒரு நொடி அணைவது இயல்பு. பெரும்பாலான வண்டிகளில் அந்த நேரத்தில் சாவி மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ஆனால் செல்ஃப் அடித்த பிறகு நேரமும் அழிந்திருந்தால் மஞ்சள் வயரில் மின்சாரம் மிகவும் இறங்குகிறது என்று அர்த்தம். அது பேட்டரியின் முதுமை, அல்லது பேட்டரி முனையில் லூஸ் காண்டாக்ட்.

சத்தம் வராவிட்டால்

டிஸ்ப்ளே எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை, அல்லது சூடானதும் நின்றுவிடுகிறது. இது பெரும்பாலும் செட் தன்னைத்தானே காத்துக்கொள்வது. ஸ்பீக்கர் கப்ளரை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, வேறு ஒரு ஸ்பீக்கரை நேராகச் செட்டில் கொடுங்கள். பாடினால் குற்றம் வயரில். ஒவ்வொரு ஜோடியையும் மீட்டரில் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 வரை காட்டும். ஜோடியில் எந்த வயருக்கும் சேஸிஸுக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது. இக்கால செட்டுகளில் ஸ்பீக்கரின் நெகட்டிவும் எர்த் அல்ல, அது பாடியில் பட்டால் செட் அடங்கிவிடும். அலமாரி மாட்டிய திருகு வயரைக் குத்தியிருப்பது, வயர் பிடித்த ஸ்டேப்பிள் உறைக்குள் இறங்கியிருப்பது, இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பின்கேபினில் கூடுதலாக ஒரு ஜோடி ஸ்பீக்கரை முன்னதோடு இணையாகச் சேர்த்திருப்பார்கள். 4 ஓம் இரண்டு இணைந்தால் 2 ஓம். பெரும்பாலான செட்டுகள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. கூடுதல் ஸ்பீக்கரை முன்னதிலிருந்து பிரித்து, செட்டின் பின்புற வெளியீட்டில் தனியாகக் கொடுங்கள்.

இரைச்சலும் ஸ்டேஷன் பிடிக்காததும்

முதலில் யூஎஸ்பியிலிருந்து ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அதிலும் இரைச்சல் வந்தால் மின்சாரம் அல்லது எர்த் வழியாக வருகிறது. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரமென்றால் ஆல்டர்னேட்டர் பக்கம். மேலே சொன்ன எர்த்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் போய்விடும். பாட்டில் சுத்தமாக இருந்து ரேடியோவில் மட்டும் கரகரத்தால் அது ஆன்டெனா வழியாக நுழைகிறது. அப்போது வண்டியை நிறுத்தி, சோலார் கன்ட்ரோலர், சார்ஜர், இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு, யூஎஸ்பி சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்கள். எதை அணைக்கும்போது நிற்கிறதோ அதன் வயரில், கருவியை ஒட்டியே, ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். மலிவான எல்இடி பல்ப் என்றால் வளையத்தோடு மல்லுக்கட்டாமல் பல்பையே மாற்றுங்கள்.

ஸ்டேஷனே சரியாகப் பிடிக்கவில்லையா? ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கி, செட்டின் சாக்கெட் நடுத்துளையில் 75 சென்டிமீட்டர் வயரைச் செருகி ஜன்னல் பக்கம் நீட்டுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால்பங்கு இது. இதில் ஸ்டேஷன் நன்றாக வந்தால் செட்டின் மேல் குறை இல்லை.

மோட்டார்ஹோமுக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. கம்பி ஆன்டெனா பாதி வேலையைத் தன் அடியில் இருக்கும் உலோகத் தகட்டை வைத்துத்தான் செய்கிறது. காரில் அந்தத் தகடு கூரையோ ஃபெண்டரோ. ஃபைபர்கிளாஸில் துளையிட்டு மாட்டினால் அடியில் ஒன்றுமே இல்லை. ஆன்டெனா அடிப்பகுதியின் உட்புறம் அலுமினியத் தகடோ செம்புப் பட்டையோ ஒட்டி, அதிலிருந்து பின்னல் வயர் ஒன்றைச் சேஸிஸுக்குக் கொண்டுபோங்கள். அதற்கு இடமில்லையென்றால் தரைத்தகடு தேவைப்படாத வகை ஆன்டெனா வாங்குங்கள். விலையுயர்ந்த ரேடியோவை மாட்டுவதைவிட இதில் கிடைக்கும் பலன் அதிகம்.

செட்டை மாற்றிய அன்றிலிருந்தே ஸ்டேஷன் மங்கியிருந்தால் வேறு காரணம். சில ஆன்டெனாக்களுக்குள் சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதற்கு நீல வயரிலிருந்து 12 வோல்ட் போக வேண்டும். அதைக் கொடுக்க மறந்திருப்பார்கள்.

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி காலி

ரேடியோவின் ஃப்யூஸை எடுத்து, அந்த இரண்டு பள்ளங்களில் மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். செட் அணைந்திருக்க வேண்டும். அது முழுசாகத் தூங்கச் சில நிமிடம் ஆகும், பொறுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது ரேடியோவைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. சில மில்லி ஆம்பியர் என்றால் நல்லது. 100 மில்லி ஆம்பியர் காட்டினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் மணி, 30 நாளில் 72. இன்ஜின் பேட்டரிக்கு அதுவே போதும், மாதக் கடைசியில் வண்டி கிளம்பாது.

நீண்ட நாள் நிறுத்தும் வண்டியில், நிறுத்திய இடத்தில் பாட்டும் கேட்பவர்கள், ரேடியோவின் மஞ்சள், சிவப்பு இரண்டையும் வீட்டு பேட்டரிக்கே மாற்றிவிடுவது என் பார்வையில் சிறந்த ஏற்பாடு. சிவப்பின் நடுவில் ஒரு சுவிட்ச். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். வீட்டு பேட்டரி பின்னால் இருந்தால் வயர் தடிமனைக் குறைக்காதீர்கள். 5 மீட்டர் போய் 5 மீட்டர் திரும்பும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட்டளவு வழியிலேயே போய்விடும். அதுவே 4 சதுர மில்லிமீட்டரில் 0.4 சொச்சம்தான்.

இரண்டு பேட்டரியிலிருந்தும் ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் இருவழிச் சுவிட்ச் போடுங்கள். ஒன்றை விட்ட பிறகே இன்னொன்றைத் தொடும் வகையாக இருக்க வேண்டும். இரண்டு பேட்டரியிலிருந்தும் வரும் வயரை ஒன்றாக முறுக்கி மஞ்சளில் கொடுத்துவிட்டால் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் ஸ்டார்ட்டரின் பசிக்கு வீட்டு பேட்டரி அந்த மெல்லிய வயர் வழியாகவே ஓடிவரும். ஃப்யூஸ் இல்லாவிட்டால் வயர் உருகும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

மின்சாரமும் எர்த்தும் சரி, தனி ஸ்பீக்கரும் சரி, ஆனாலும் செட் எழவில்லை என்றால் அதன் காலம் முடிந்தது. பெரிய முன்கண்ணாடி வழியாக வெயிலில் வெந்த டிஸ்ப்ளே கறுத்துப்போவதும் அப்படியே. வாங்கும் முன் துளையை அளங்கள்: ஒற்றை டின் எனும் குட்டை உயர வகை என்றால் 182க்கு 53 மில்லிமீட்டர். ஆழமும் அளங்கள், பின்னால் ஏசிக் குழாய் இருக்கும். சிடி இல்லாத செட் குட்டையானது, இடமும் பிடிக்காது, குலுங்கலில் கெடவும் மாட்டாது. முதுகில் திருகுமுனை இருந்தால் பட்டை போட்டுச் சட்டத்தோடு கட்டுங்கள். முன்கூட்டில் மட்டும் தொங்கவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கப்ளர் ஆடும். வயர்களைத் திருகி டேப் சுற்றாதீர்கள். டாஷ்போர்டு வெப்பத்தில் பசை இளகி டேப் அவிழ்ந்துவிடும். கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுங்கள்.

ரிவர்ஸ் கேமரா பழைய செட்டின் திரையில்தான் தெரிந்ததா? கேமராவின் வீடியோ வயர், அதற்கு 12 வோல்ட் கொடுக்கும் வயர், ரிவர்ஸ் கியர் போட்டதும் திரையை மாற்றச் சொல்லும் வயர், மூன்றையும் கழற்றும் முன்பே படமெடுத்துப் பெயர் ஒட்டிவையுங்கள். டிரிம்மை மூடும் முன் கைபிரேக் போட்டு ரிவர்ஸ் கியரில் திரை மாறுகிறதா, சாவியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்து ஸ்டேஷன்கள் அப்படியே இருக்கின்றனவா, நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பாடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு கடைசித் திருகை முறுக்கலாம்.