ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருபவர்களுக்கு

அனுமதிக் கடிதத்தில் ‘ஹாலே-விட்டன்பெர்க் மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகம்’ என்று இருப்பதைப் பார்த்து விட்டன்பெர்க்கில் அறை தேடிவிடாதீர்கள். 1502-இல் தொடங்கிய விட்டன்பெர்க் பல்கலைக்கழகமும் 1694-இல் தொடங்கிய ஹாலே பல்கலைக்கழகமும் 1817-இல் ஒன்றாக இணைந்தன. வகுப்புகள் நடப்பது ஹாலேயில்தான். ஜெர்மனியில் ஹாலே என்ற பெயரில் இன்னோர் ஊரும் உண்டு, அது வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கிறது. ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரோடு ஸாலே ஆற்றின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, “கேம்பஸ் எங்கே?” என்பதுதான். பெரிய வாசலும் சுற்றுச்சுவரும் காவலாளியும் இங்கே கிடையாது. பல்கலைக்கழகம் ஊருக்குள் சிதறிக் கிடக்கிறது. சட்டமும் நிர்வாகமும் பழைய நகரத்தின் நடுவே, இயற்பியல், வேதியியல் போன்றவை ஊரின் மேற்கே வைன்பெர்க் வளாகத்தில், பிரதான நூலகம் அவுகுஸ்ட் பேபல் தெருவில். ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு டிராமில் போக வேண்டி வரலாம். அதனால் அறை பார்க்கும் முன் உங்கள் துறை எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுற்றிப் பார்க்க வருபவர்கள் பல்கலைக்கழகச் சதுக்கத்தில் சிங்கங்கள் காவல் இருக்கும் பழைய கட்டடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் படியேறி உள்ளே போங்கள். இந்த இடத்துக்குப் பெரிய கதை இருக்கிறது. கிறிஸ்டியான் வோல்ஃப் என்ற தத்துவப் பேராசிரியரை 1723-இல் பிரஷ்ய மன்னர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால் தூக்கு என்று சொல்லித் துரத்தினார். 1740-இல் அடுத்த மன்னர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். இன்றைய கானாவில் பிறந்த அன்டோன் வில்ஹெல்ம் ஆமோ 1727-இல் இங்கே மாணவராகச் சேர்ந்து, பின்னர் இங்கேயே பாடமும் நடத்தினார். 1754-இல் டொரோத்தேயா எர்க்ஸ்லேபன் இங்கே மருத்துவப் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் மருத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். தூரத்திலிருந்து வந்தவர்களும் தடையை மீறி வந்தவர்களும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதியவர்கள் இல்லை. முதல் வாரத்தில் தயக்கமாக இருந்தால் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காகித வேலைகளுக்கு வருவோம். வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதை ‘அன்மெல்டுங்’ என்பார்கள். இதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று அவசியம். சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு துரத்திக்கொண்டிருக்க வேண்டாம். விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் வங்கிக் கணக்கான பிளாக்டு அக்கவுண்டில் வருடத்துக்கு 11,904 யூரோ காட்டச் சொல்கிறார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ கையில் வரும். முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் மாணவர் கட்டணத்தில் பொது மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். மலிவாக இருக்கிறதே என்று தனியார் பயணக் காப்பீட்டோடு நின்றுவிட்டால் பல்கலைக்கழகப் பதிவே தடைபடலாம். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். அது வீட்டுக்கு ஒன்றுதான், அறை நண்பர்கள் பகிர்ந்துகொள்ளலாம். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். ஆனால் முதல் செமஸ்டரில் படிப்பையும் ஜெர்மன் மொழியையும் மட்டும் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். பல்கலைக்கழகத்துக்குள் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். மருத்துவரிடமும் அலுவலக வரிசையிலும் முடியாது.

வகுப்பில் இரண்டு பழக்கங்கள். கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும்; ‘எஸ்.டி.’ என்றால் சொன்ன நேரத்துக்கே. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் மேசையைத் தட்டுவார்கள். அது கைதட்டல்தான், யாரும் கோபப்படவில்லை. பேராசிரியரை நேரடியாகக் கேள்வி கேட்கலாம், கேட்காவிட்டால்தான் ஆர்வமில்லை என்று நினைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் இருக்காது, சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிடுங்கள். ஹாலேயில் கிடைக்காத மளிகைக்கு லைப்சிக் போகலாம். எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கே ஐசன்பான் தெருவில் பல நாட்டு மளிகைக் கடைகள் இருக்கின்றன. இரவில் தனியாக நிற்கும்போது யாராவது வம்புக்கு வந்தால் பதில் பேசாமல் ஆட்கள் இருக்கும் இடத்துக்கு நகருங்கள். காவல்துறைக்கு எண் 110. பெரும்பாலானவர்கள் அன்பாகத்தான் பழகுவார்கள், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அப்புறம், தமிழர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம், ஃப்ராங்கே என்ற இறையியலாளர் அனாதை இல்லமும் பள்ளிகளும் தொடங்கிய ஃப்ராங்கே அறக்கட்டளை வளாகம். சந்தைச் சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஹாலேயில் சிறிது காலம் இறையியல் படித்த சீகன்பால்கு என்ற ஜெர்மன் மதப்பரப்பாளர் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். அவர் கேட்டுக்கொண்டபடி தமிழ் அச்செழுத்துகளை இந்த ஊரில்தான் வார்த்துக் கடல் கடந்து அனுப்பினார்கள். இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் இங்கேயே அச்சானது. சீகன்பால்கு இடையில் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழரும் அவரோடு வந்திருந்தார். பழைய அனாதை இல்லக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் அரும்பொருள் அறையில் நம் ஊர் ஓலைச்சுவடிகளைப் பார்க்கலாம். ஆவணக் காப்பகத்தில் தமிழ்ச் சுவடிகள் இன்னும் இருக்கின்றன. மொழி, வரலாறு, சமயம் படிப்பவர்கள் முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி, என்ன பார்க்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பழந்தமிழ் எழுத்தைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர் அங்கே எப்போதும் தேவைப்படுவார். அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், வேறு நாளில் போங்கள்.