விழும் பொருள்கள்: கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களின் இயற்பியல் வகுப்புகளைப் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கும்போது, முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளே மீண்டும் கரும்பலகையில் ஏறுவதைக் காண்கிறேன். அலகை எழுத மறப்பது போன்றவை தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

“புவி எல்லாவற்றையும் ஒரே விசையால் இழுக்கிறது”

பெரிய கல்லும் சிறிய கல்லும் ஏன் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன என்று கேட்டால், பலரும் இதையே விடையாகச் சொல்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. முடிவு சரியாக இருப்பதால், காரணம் தவறு என்பதை யாரும் கவனிப்பதில்லை. என் முதல் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பில் நானும் இப்படித்தான் சொன்னேன். “அப்படீன்னா அரிசி மூட்டை மட்டும் ஏன் சார் தோளை அழுத்துது?” என்று ஒரு மாணவி கேட்டாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் கேட்டதுதான் சரி.

1 கிலோகிராம் கல்லைப் புவி ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையாலும், 10 கிலோகிராம் கல்லை 98 நியூட்டன் விசையாலும் இழுக்கிறது. இழுக்கும் விசை பத்து மடங்கு கூடும்போது, வேகம் மாறுவதை எதிர்க்கும் நிலைமமும் பத்து மடங்கு கூடுகிறது. ஆகவே விசையை நிறையால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே முடுக்கம் கிடைக்கிறது. விசை சமம் என்று நம்பிய மாணவரோ, நியூட்டனின் இரண்டாம் விதியை (விசை = நிறை × முடுக்கம்) படித்ததும் கனமான கல் மெதுவாக விழ வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, விதி பொய்யா, ஆசிரியர் சொன்னது பொய்யா என்று தடுமாறி, கடைசியில் இரண்டையும் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார். அதன் பிறகு அவரிடம் கேள்விகள் வருவதில்லை. இந்த இழப்பை நான் பல வகுப்புகளில் கண்டிருக்கிறேன்.

மின்விசையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். ஒரே மின்னூட்டம் கொண்ட இரு துகள்களை ஒரே மின்புலத்தில் விட்டால், நிறை குறைந்தது அதிக முடுக்கம் பெறும். ஈர்ப்பில் மட்டும் விசையைத் தீர்மானிக்கும் நிறையே இயக்கத்தை எதிர்க்கும் நிறையாகவும் இருக்கிறது.

பைசா கோபுரக் கதை

கலிலியோ பைசா நகரின் சாய்ந்த கோபுரத்திலிருந்து எடை வேறுபட்ட இரு குண்டுகளைப் போட்டு, இரண்டும் ஒன்றாக விழுவதைக் காட்டினார் என்பார்கள். அதை உறுதியான வரலாறாகச் சொல்லாதீர்கள். அவர் அளந்து எழுதியது சாய்தளத்தில் உருண்ட குண்டுகளைப் பற்றி.

இலங்கைப் பாடநூல்

இலங்கைத் தமிழ்ப் பாடநூலைப் புரட்டினால் சொற்களைக் கவனியுங்கள். நம் ‘நிறை’ (mass) அங்கே ‘திணிவு’. அவர்களின் ‘நிறை’ நமக்கு ‘எடை’ (weight), அதாவது புவி இழுக்கும் விசை.

காற்றை மறப்பது

மாடியிலிருந்து இரும்புக் குண்டையும் பிளாஸ்டிக் பந்தையும் போட்டால், காற்றின் தடையால் பந்து பிந்தும். காற்றில்லாத நிலவில், 1971 ஆகஸ்ட் 2 அன்று விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் கையிலிருந்து விட்ட சுத்தியலும் வல்லூறின் இறகும் ஒன்றாகவே விழுந்தன. வகுப்பில் செய்து காட்டுவதானால், ஒரே அளவுள்ள இரும்புக் குண்டையும் கண்ணாடிக் குண்டையும் மேசை உயரத்திலிருந்து போடுங்கள்.