எண்ணுக்கு முன் மணியைப் பாருங்கள்

சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலுக்குப் பின்னால் என் வேலை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த ஓர் அப்பா தாளை நீட்டினார். “சி.ஆர்.பி. நார்மல் என்று போட்டிருக்கிறதே அக்கா, பிள்ளைக்கு ஒன்றுமில்லைதானே?”

குறைமாதக் குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. வயிறு உப்பத் தொடங்கியது காலை 5 மணி, ரத்தம் எடுத்தது 6 மணி. தவறு அங்கேதான். சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். அழற்சி தொடங்கிச் சுமார் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் தெரியும். குடல் திசு அழுகும் என்.இ.சி. நோயில் முதல் முடிவு நார்மலாக வந்தால், இன்னும் ஏறவில்லை என்றுகூடப் பொருள். 24 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும்.

அலகைப் பார்க்காமல் பதறுவோரும் உண்டு. ஒரு கூடம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று எழுதும். இன்னொன்று அதையே டெசிலிட்டருக்கு 1 என்று எழுதும். இரண்டும் ஒன்றே.

பெரியவர்களின் அளவுகோலைப் பிள்ளை மீது வைப்பது இன்னொரு வம்பு. மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதம் கிராமுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டினால் பெரியவர்களுக்குச் சந்தேகம். ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைக்கே அது சில நூறு இருக்கும். கிருமித்தொற்றைக் காட்டும் புரோகால்சிடோனினும் பிறந்த முதல் இரண்டு நாள் தானாகவே ஏறி இறங்கும்.

எங்கள் தரப்புத் தவறையும் சொல்லிவிடுகிறேன். குதிகாலைப் பிழிந்து பிழிந்து ரத்தம் எடுத்தால், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட் பொய்யாக ஏறும். சேலத்து மே மாத வெயிலில் குழாயை மேசை மேல் மறந்துவிட்டாலும் அப்படியே. ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையை எரித்து லாக்டேட் ஆக்கிக்கொண்டேயிருக்கும். ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் அதைத் தடுக்கத்தான்.

மலத்தில் ரத்தம் என்றதும் குடல் நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். தாயின் காம்பு வெடித்திருந்தால் அந்த ரத்தத்தைப் பிள்ளை விழுங்கியிருக்கலாம். 1955-இல் வந்த ஆப்ட் சோதனை இதைப் பிரித்துக் காட்டும்: காரம் சேர்த்தால் தாயின் ரத்தம் மஞ்சள் பழுப்பாகும், சிசுவின் ரத்தம் இளஞ்சிவப்பாகவே நிற்கும். எளிமையும் அழகும் சேர்ந்த சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது.

வீட்டில் இருக்கும் பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தால் எந்த எண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது. மாந்தம் என்று உரை மருந்து கொடுத்து ஒரு இரவைக் கழிப்பதற்குள் குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிடலாம். 108-ஐ அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

மறுநாள் காலை அந்தக் குழந்தையின் இரண்டாவது ரத்தம் வந்தது. சி.ஆர்.பி. லிட்டருக்கு 46 மில்லிகிராம். மருத்துவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. முதல் நாளே பாலை நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, குடல் சுவருக்குள் காற்றுக் குமிழிகளைப் பார்த்துவிட்டிருந்தார்.