பிரேதப் பரிசோதனை எப்போது கட்டாயம், எப்போது குடும்பத்தின் விருப்பம்?

கொலை, தற்கொலை, விபத்து, விஷம், காவலில் நேர்ந்த மரணம், காரணம் புரியாத திடீர் மரணம் ஆகியவற்றில் முடிவெடுப்பது சட்ட அதிகாரிதான். பெரும்பாலும் உறவினர் சம்மதம் கேட்கப்படாது, மறுத்தாலும் நிற்காது. பல நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தாலும், தொடக்கம் விபத்துக் காயம் என்றால் அதுவும் இதில் சேரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இப்படிப்பட்ட மரணத்தில் உடலைக் குளிப்பாட்டாதீர்கள், உடை மாற்றாதீர்கள், மருத்துவக் குழாய்களை அகற்றாதீர்கள். தடயம் அழியும். பதப்படுத்தும் திரவம் ஏற்றினால் விஷப் பரிசோதனை முடிவே குழம்பும்.

நோயால் இறந்து, காரணத்தை மருத்துவர் சான்றளித்துவிட்டால் பரிசோதனை விருப்பம்தான். பரம்பரை நோய்ச் சந்தேகம் இருந்தால் செய்வது நல்லது, எரித்தபின் வழியில்லை. நெருங்கிய உறவினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். 'நுரையீரல் மட்டும்' என்று வரம்பும் வைக்கலாம், ஆனால் விடையும் அந்த அளவில்தான் கிடைக்கும். உறுப்புகளை வைத்துக்கொள்வார்களா, கட்டணம் உண்டா என்று கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.

பரிசோதனைக்குப் பொதுவாக 2 முதல் 4 மணி நேரம். வெட்டு மார்பு, வயிற்றிலும் தலையின் பின்புறமும் விழும். முகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். திசு, ரசாயன முடிவுகள் வரச் சில வாரங்கள் ஆகும்.