வேலை போன பின் மருத்துவக் காப்பீடு: கோப்ரா உரிமையும் அதன் கெடுக்களும்

அமெரிக்காவில் வேலை பறிபோகும் நாளில், எச்-1பி விசாவில் இருப்பவரின் கவலை முதலில் விசாவின் மீதுதான் செல்லும். அது இயல்பே. ஆனால் நிறுவனத்தின் வழியாகக் கிடைத்துவந்த மருத்துவக் காப்பீடும் அதே நாளிலோ அந்த மாதத்தின் கடைசி நாளிலோ முடிந்துவிடும் என்பதையும், அதைத் தொடர்வதற்குச் சட்டப்படி உரிமை உண்டு என்பதையும், அந்த உரிமை முழுவதும் தேதிகளுக்குக் கட்டுப்பட்டது என்பதையும் புதிதாக வந்தவர்கள் முன்பே அறிந்துவைத்திருக்க வேண்டும். காப்பீடு முடியும் நாள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆகவே, வேலைநீக்கம் பற்றிய முதல் உரையாடலிலேயே மனிதவளப் பிரிவினரிடம் அந்தத் தேதியைக் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சல் அன்று மாலையே முடக்கப்படலாம் என்பதால், பதிலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்வது நல்லது.

இந்த உரிமையைத் தருவது 1986 ஏப்ரலில் கையெழுத்தான, கோப்ரா என்று அழைக்கப்படும் கூட்டாட்சிச் சட்டம். குறைந்தது 20 பேர் பணியாற்றும் தனியார் நிறுவனங்களின் குழுக் காப்பீட்டுக்கு அது பொருந்தும். ஆட்குறைப்பில் நீக்கப்பட்டாலும், நீங்களே விலகினாலும், வேலைநேரம் குறைக்கப்பட்டதால் காப்பீட்டுத் தகுதியை இழந்தாலும், அதே திட்டத்தில் 18 மாதங்கள் வரை தொடரலாம். கடுமையான ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்த உரிமை கிடையாது; வேலைத்திறன் போதவில்லை என்று அனுப்பப்படுவது பொதுவாக அதில் சேராது. எச்-1பி விசாவில் வேலை செய்தவருக்கும், எச்-4 விசாவில் அவரோடு இருந்து அதே திட்டத்தில் சேர்ந்திருந்த கணவன் அல்லது மனைவிக்கும், பிள்ளைகளுக்கும் இது குடிமக்களுக்கு உள்ளதைப் போலவே உண்டு.

விலைதான் எல்லோரையும் திடுக்கிட வைப்பது. வேலையில் இருக்கும்போது பிரீமியத்தின் பெரும்பகுதியை நிறுவனம் கட்டுகிறது. சம்பளச் சீட்டில் நாம் காண்பது நம்முடைய சிறு பங்கை மட்டுமே. கோப்ராவில் இரண்டு பங்கையும் நாமே கட்டுவதோடு, நிர்வாகச் செலவுக்காக 2 சதவீதம் வரை கூடுதலாகவும் கட்ட வேண்டும். சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பான கே.எஃப்.எஃப். 2024-இல் நடத்திய ஆய்வின்படி, குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர்; அதில் ஊழியர் கட்டியது 6,296 டாலர். அதாவது மாதம் சுமார் 525 டாலர் பிடித்தம் போன குடும்பத்துக்கு, கோப்ராவில் மாதம் சுமார் 2,170 டாலர் கேட்டுக் கடிதம் வரும். உங்கள் திட்டத்தின் முழு விலையை இன்றே ஓரளவு கணிக்க ஒரு வழி உண்டு. ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டி ஜனவரியில் வரும் டபிள்யூ-2 படிவத்தின் 12-ஆம் கட்டத்தில் டி.டி. என்ற குறியீடு இருந்தால், அதற்கு எதிரே உள்ள தொகை இரு பங்கும் சேர்ந்த ஆண்டுச் செலவாகும். சிறிய நிறுவனங்கள் அதைக் குறிப்பிடாமல் விடலாம்.

இந்தத் தொகையைக் கண்டதும் படிவத்தைக் கிழித்தெறிவதும் தவறு, பயத்தில் உடனே பணம் கட்டுவதும் தவறு என்பது என் கருத்து. கோப்ராவின் உண்மையான மதிப்பு, அது முடிவெடுக்கத் தரும் கால அவகாசத்தில்தான் இருக்கிறது. கோப்ரா அறிவிப்பு தரப்பட்ட நாள், காப்பீடு முடிந்த நாள் இவற்றில் எது பிந்தையதோ அதிலிருந்து 60 நாட்களுக்குள் கோப்ராவைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த பின் முதல் தொகையைக் கட்ட மேலும் 45 நாட்கள் உண்டு. அப்படிக் கட்டியதும், காப்பீடு முடிந்த நாளிலிருந்தே இடைவெளியின்றித் தொடர்ந்ததாகக் கருதப்படும். இடைப்பட்ட வாரங்களில் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை, புதிய வேலையும் அமைந்துவிட்டது என்றால், ஒரு டாலரும் கட்டாமல் விட்டுவிடலாம். குடல்வால் அழற்சியில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், பின்தேதியிட்டுப் பாக்கி முழுவதையும் கட்டிக் காப்பீட்டை உயிர்ப்பிக்கலாம். அந்த இடைக்காலத்தில் மருந்துக்கடையின் கணினி உங்கள் காப்பீடு முடிந்துவிட்டதாகவே காட்டக்கூடும். கையிலிருந்து கட்ட நேர்ந்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் கோருங்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திடுவதும், பதில் சொல்லாமல் காத்திருப்பதும் ஒன்றல்ல. எழுதி மறுத்தவர் 60 நாட்களுக்குள் மனம் மாறினால் மறுப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் அப்போது, திரும்பப் பெற்ற நாளிலிருந்து மட்டும் காப்பீடு கொடுத்தால் போதும் என்று சட்டம் திட்டத்துக்கு இடம் தருகிறது. முடிவு செய்யாதவர் மறுப்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

தேதிகளை ஒரு எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். சம்பளம் பெறும் கடைசி நாள் மார்ச் 14. காப்பீடு மார்ச் 31-இல் முடிகிறது. கோப்ரா அறிவிப்பு ஏப்ரல் 10 அன்று தரப்படுகிறது. கோப்ராவைத் தேர்ந்தெடுக்கக் கடைசி நாள் ஜூன் 9. அன்றுதான் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால் முதல் தொகைக்குக் கெடு ஜூலை 24. ஏப்ரல் 1 முதலான பாக்கியைக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். ஆனால் உங்கள் துணைவரின் நிறுவனத் திட்டத்தில் சேர்வதாக இருந்தால், பெரும்பாலும் 30 நாட்கள்தான், அதாவது ஏப்ரல் மாதத்துக்குள். ஹெல்த்கேர்.கவ் போன்ற அரசுச் சந்தையில் தனித் திட்டம் வாங்க, காப்பீட்டை இழந்தவர்களுக்குத் தரப்படும் 60 நாள் சிறப்புச் சேர்க்கைக் காலம் மே 30-இல் முடிகிறது. அங்கே பின்தேதி கிடையாது. தேர்ந்தெடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் காப்பீடு தொடங்கும். வேலை போன பின் நாட்டில் தங்கியிருக்க எச்-1பி விசாவில் உள்ளவருக்குக் கிடைக்கும் 60 நாள் சலுகைக் காலமோ மே மாத நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது. 60 என்ற எண் மூன்று இடங்களில் வந்தாலும் மூன்றும் வெவ்வேறு நாட்களில் தொடங்குகின்றன. இவற்றை ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். காப்பீட்டைத் தொடர்வதால் விசா நீளாது.

அரசுச் சந்தையை ஒதுக்கிவிட வேண்டாம். எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களும் அங்கே திட்டம் வாங்கலாம். பலருக்கு அது கோப்ராவைவிட மலிவாக அமையும். அங்கே பிரீமியத்தைக் குறைக்க வருமானத்துக்கேற்பக் கிடைக்கும் வரிச் சலுகையைப் பொறுத்தவரை, 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2027 முதல் அது பெரும்பாலும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் குடிமக்களுக்கும் என்று சுருங்குகிறது. ஆகவே தற்காலிக விசாவில் இருப்பவர்கள் முழு விலையை வைத்தே ஒப்பிடுவது பாதுகாப்பானது. ஒப்பிடும்போது மாதத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டின் தொடக்கத்திலிருந்து டிடக்டபிளுக்காக (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) நீங்கள் கட்டிய தொகை கோப்ராவில் அப்படியே கணக்கில் நிற்கும். புதிய திட்டத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அக்டோபரில் வேலை இழந்தவர், அதற்குள் ஒரு அறுவை சிகிச்சை முடித்து, ஓராண்டில் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய உச்சவரம்பை எட்டியிருந்தால், டிசம்பர் வரை கோப்ராவில் இருந்துவிட்டு, நவம்பர் 1-இல் தொடங்கும் பொதுச் சேர்க்கையில் ஜனவரிக்கான தனித் திட்டத்துக்கு மாறுவது பெரும்பாலும் லாபம். ஆனால் கோப்ராவில் சேர்ந்து, சிறப்புச் சேர்க்கைக் காலமும் முடிந்த பின், ஆண்டின் நடுவே நீங்களாக அதை நிறுத்தினால், அந்தக் காரணத்தைக் காட்டி அரசுச் சந்தைக்குள் நுழைய முடியாது. புதிய வேலையின் காப்பீட்டுக்கு மாறுவதற்கு மட்டும் எப்போதும் தடையில்லை. அந்த நிறுவனம் காத்திருப்புக் காலமாக 90 நாட்கள் வரை வைக்கலாம் என்பதால், அதுவரை கோப்ரா கைகொடுக்கும்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மனைவி கருவுற்றிருந்து மகப்பேறு மருத்துவரை மாற்ற விரும்பாவிட்டால், அவர் பெயருக்கு மட்டும் கோப்ரா எடுத்துத் தனிநபர் தொகையைக் கட்டலாம். மற்றவர்கள் மலிவான வேறு திட்டத்துக்குப் போகலாம். குழந்தை பிறந்ததும் 30 நாட்களுக்குள் சேர்த்துவிட வேண்டும். மருத்துவச் செலவுக்கென வரியின்றிச் சேமிக்கும் எச்.எஸ்.ஏ. கணக்கு இருந்தால், அதிலிருந்து வரியின்றிக் கோப்ரா பிரீமியத்தைக் கட்டலாம்.

20 பேருக்கும் குறைவான சிறு கன்சல்டிங் நிறுவனங்களில் விசா பெற்று வருபவர்கள் நம்மவர்களில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டம் உதவாது. பல மாநிலங்கள் இதற்கெனத் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 2 முதல் 19 பேர் உள்ள நிறுவனங்களின் ஊழியர்கள் 36 மாதங்கள் வரை தொடரலாம். டெக்சஸில் இது 9 மாதங்கள். உங்கள் மாநிலக் காப்பீட்டுத் துறையின் விதியை, வேலையில் சேரும்போதே பார்த்துவைப்பது நல்லது.

கோப்ரா அறிவிப்பு பெரும்பாலும் சாதாரணத் தபாலில், நிறுவனத்திடம் கடைசியாகப் பதிவாகியிருக்கும் முகவரிக்கு வரும். சரியான முறையில் அனுப்பியிருந்தால், அது உங்கள் கைக்குச் சேராவிட்டாலும் கெடு ஓடத் தொடங்கிவிடும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் முதல் சில ஆண்டுகளில் இது பெரிய ஆபத்து. வெளியேறும் முன் முகவரியைச் சரிபாருங்கள். திட்ட நிர்வாகியிடம் தகவல் சொல்ல நிறுவனத்துக்கு 30 நாட்களும், அதன்பின் உங்களுக்கு அனுப்ப நிர்வாகிக்கு 14 நாட்களும் உண்டு. ஆக 44 நாட்கள் கடந்தும் கடிதம் வரவில்லை என்றால், முதலில் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால், தொழிலாளர் துறையின் ஊழியர் நலப் பாதுகாப்புப் பிரிவை 1-866-444-3272 என்ற எண்ணில் அழைத்தால், அங்குள்ள ஆலோசகர்கள் கட்டணமின்றி உங்கள் சார்பில் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு பேசுவார்கள்.