சேர்ஃப் என்றால் சுருள் இல்லை, தம்பி

போன கிழமை அறுகம்குடாவை ஒட்டிய உல்லையில் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தேன். அலைச்சறுக்குப் பழக்கத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் பக்கத்து மேசை வெள்ளைக்காரரிடம், "சேர்ஃப்" (surf) என்ற ஆங்கிலச் சொல் தமிழ்ச் "சுருள்" என்பதிலிருந்து போனது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. அதே புளுகை ஒரு காலத்தில் அச்சடித்தே கொடுத்தவன் நான்.

பொத்துவில், பாசிக்குடாப் பக்கம் வழிகாட்டிப் பொடியன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. உச்சரிப்புப் பிழைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒரு சீசன் கதைத்தால் அவை தானே கழன்றுவிடும். கடல் சொற்களின் பொருளிலும் வேரிலும் விடும் பிழைகள்தான் இங்கே.

அலை எல்லாம் சேர்ஃப் அல்ல

அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்காரர் கூடும் மெயின் பொயின்டில் விடியற்காலை நின்று பாருங்கள். தூரத்தில் கடல் முதுகை உயர்த்திக்கொண்டு வருவது ஸ்வெல். ஆழம் குறைந்ததும் அடி பிந்தி, தலை முந்திக் கவிழ்ந்து, வெள்ளை நுரையாக உடைந்து கரைக்கு ஓடிவருவதுதான் சேர்ஃப். பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். சிற்றலை உண்டு, சேர்ஃப் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஒலியை வைத்து வேர் சொல்வது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. ஒரு விடுதிக்குத் துண்டுப்பிரசுரம் எழுதினேன். அலை சுருள்கிறது, சுருள்தான் சேர்ஃப் ஆனது என்று ஒரு பந்தி. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! ஐந்நூறு பிரதி, இரண்டு நிறம். தங்க வந்த வயதான அம்மா ஒருவர் வாசித்துவிட்டு, "எந்த ஆண்டு, எந்த ஏட்டில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். வாய் திறக்க முடியவில்லை. அச்சுக்கூலி முழுக்க என் தலையில்.

பிறகுதான் தேடிப் படித்தேன். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் இருந்த வடிவம் "சஃப்". ரகரம் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் நடுவில் வந்து குந்துகிறது. பழைய வடிவத்தில் ரகரமே இல்லையென்றால் என் சுருளின் "ரு" எங்கே ஒட்டும்?

வேடிக்கை என்னவென்றால், சொல் முதலில் எழுதப்பட்டது இந்தியக் கரையைப் பற்றித்தான். சோழமண்டலக் கரையில் அன்று ஒதுங்கத் துறைமுகம் இல்லை. பிற்காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்கள்கூட வெளியே நங்கூரம் போட, கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆளும் சாமானும் நுரையைக் கடந்து கரையேற வேண்டும். அதைக் கடந்து நனைந்தவனுக்கு அதற்கொரு பெயர் தேவைப்படாதா? ஆகவே இந்திய மொழியொன்றிலிருந்து போயிருக்கலாம் என்பது ஒரு கருத்து. காற்றும் நீரும் இரைகிற ஓசைக்கு ஆங்கிலத்தில் இருந்த, அதே "சஃப்" ஒலியுள்ள பழஞ்சொல்தான் மூலம் என்பது மறு கருத்து. வழக்கு இன்னும் தீரவில்லை.

தம்பிமாரே, "முதலில் இந்தியக் கரையைப் பற்றி எழுதும்போது வந்த சொல்" என்று சொல்லுங்கள். கேட்பவர் அதற்கே வாய் பிளப்பார். சுருளை விட்டுவிடுங்கள். மிஞ்சிய பிரசுரங்களின் பின்பக்கத்தில்தான் இன்றும் என் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடக்கிறது.

ஹவாய்

அலைச்சறுக்கு விளையாட்டு அங்கிருந்து வந்தது, "சேர்ஃப்" என்ற சொல் அல்ல. அவர்கள் சொல்வது "ஹெஎ நலு".

கட்டுமரம்

பெருமை பேச வேண்டுமென்றால் இதைப் பேசுங்கள். ஆங்கிலத்தின் "கெட்டமரான்" என்ற சொல் நம் கட்டுமரமேதான். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தன் பயணநூலில் சோழமண்டலக் கரையில் கண்டதாக எழுதியிருக்கிறார். அந்த அம்மா கேட்ட ஆண்டும் ஏடும் இதற்கு உண்டு. ஆனால் கட்டுமரம் என்பது சேர்த்துக் கட்டிய மரத்துண்டுகள். இன்று வெள்ளைக்காரர் கேட்கும் கெட்டமரான் இரட்டை உடல் படகு. தோணியைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

பெயர்ப்பலகை

surf-இல் u-வுக்குப் பதில் e போட்டால் serf, அதாவது பண்ணையடிமை. உல்லையில் அப்படி ஒரு பலகை தொங்குகிறது.