பலகையில் விடையை எழுதிவிட்டு, பரிசோதனை எதற்கு?

ஆண்டு 5-க்கு ஊசல் பாடம். 'நூலின் நீளம் கூடினால் ஊசலாடும் நேரமும் கூடும்' என்று பலகையில் எழுதிவிட்டு, "சரி, செய்து பாருங்கள்" என்றேன். எல்லாக் குழுக்களும் அதையே கண்டுபிடித்தன. ஒரு குழு நூலைக் கட்டவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பலகையைப் பார்த்து அட்டவணையை நிரப்பியிருந்தார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் எடுக்கும் எனக்கு, நான் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான். மறு ஆண்டு பலகையை வெறுமையாக விட்டேன். "ஒரு நட்டு, இரண்டு நட்டு, எது வேகமாக ஆடும்?" எல்லாரும் கனமானதற்கே கை தூக்கினார்கள். 25 சென்டிமீட்டர் நூலில் ஒரு நட்டு, பத்து ஆட்டத்துக்கு (போய்த் திரும்பினால் ஓர் ஆட்டம்) ஏறக்குறைய 10 வினாடி. இரண்டு நட்டுக்கும் அதே 10. "கடிகாரம் சரியில்லை, டீச்சர்!" என்றான் ஒருவன். நூலை ஒரு மீட்டராக்கியதும் 20. நீளம் நான்கு மடங்கானாலும் நேரம் இரண்டு மடங்குதான்.

இங்கே இரண்டு சறுக்கல்கள் உண்டு. ஒரே ஓர் ஆட்டத்தை அளந்தால், கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டாவது நட்டை முதல் நட்டுக்குக் கீழே தொங்கவிட்டால் எடையோடு ஊசலின் நீளமும் மாறிப்போகும். இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டுங்கள். மாற்றாமல் வைத்திருக்க வேண்டியதைக் 'கட்டுப்படுத்தப்பட்ட மாறி' என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அதன் அர்த்தம் அந்தக் கொக்கியில்தான் புரிகிறது.

பொருள் வாங்கப் பணமில்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் வேண்டாத வேலை. அமிலமா காரமா என்று காட்டும் லிட்மஸ் தாள் தீர்ந்துவிட்டதா? வேலியில் படரும் சங்குப்பூ போதும். நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றும் அதே பூதான். சுடுநீரில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், சோப்புத்தூள் நீரில் பச்சையாகும்.

ஆனால் 'வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். யாராவது துணி வெளுக்கும் திரவத்தைப் புட்டியில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். அதோடு வினிகர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். எதைக் கொண்டு வரலாம் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

'தெரியாது' என்று சொல்லப் பயப்படுவதும் தவறுதான். ஒருநாள் ரப்பர் பாலில் வினிகர் ஊற்றிக் கட்டியாவதைக் காட்டினேன். (பால் பட்ட சட்டையைத் துவைத்து மாளாது. பழைய சட்டை போடச் சொல்லுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளையைத் தொடவிட வேண்டாம்.) சுற்றிலும் செம்பனை ஆகிவிட்ட காலத்திலும் பிள்ளைகளின் பாட்டிமார் பால்மரம் வெட்டி, மங்கு என்ற கிண்ணத்தில் பால் எடுத்தவர்கள்தானே. ஒருத்தி எழுந்தாள்: "மங்கிலேயே விட்டால், ஆசிட் ஊற்றாமலே மறுநாள் கட்டிப்போகும்னு பாட்டி சொன்னாங்க. அது எப்படி, டீச்சர்?"

அன்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் படித்தேன். பாலில் பெருகும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறதாம். அதை மறுநாள் வகுப்பில் சொல்லவில்லை. பாட்டியிடமிருந்து இரண்டு பழைய மங்குகளை வாங்கி வரச் சொன்னேன்.